குறையைச் சொன்னவரை ஏசாதீர்!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம்மில் கடையும் பட்டறையும் வைத்திருப்போர் பலர். அவற்றில் பணிபுரிவோர் அதனினும் பலர். இரு சாராருக்கும் பொதுவான ஒன்றைக் கூற விழைகின்றேன்.

நான் ஒரு பட்டறையில் நெடுங்காலம் மேற்பார்வையாளனாக இருந்தவன். தவறு செய்த பையனை நால்வர் முன்னிலையில் ஏசுவதே கண்டிப்பு என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் காலையில் அளவு பிசகியதை ஒரு பையன் கண்டுவிட்டான். ஆனால் வாய் திறக்கவில்லை. மாலைக்குள் நாற்பது இரும்புத் துண்டுகள் பாழாயின. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னா ஏசுவீங்க, பாய்" என்றான். அவனை வாயடைக்கச் செய்தவன் நானே என்பது அன்றுதான் விளங்கிற்று.

பின்னாளில் ஓர் அமெரிக்க ஆலையின் வரலாற்றைப் படித்தேன். கலிபோர்னியா மாநிலத்து ஃபிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கே உற்பத்தி வரிசை எக்காரணம் கொண்டும் நிற்கலாகாது. ஆகவே குறையோடே கார்கள் நகர்ந்தன. வேலைக்கு வராதோர் தொகையும் மிகுதி. 1982இல் ஆலை மூடப்பட்டது.

1984இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. தொழிலாளர்களுள் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. ஆனால் வரிசை நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டது. குறை கண்ட எவரும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் விரைந்து வந்து, "யார் செய்தது?" என்று கேளாமல், சரிசெய்யத் துணை நிற்பார். அதற்குள் சரியாகாவிடில் வரிசை நிற்கும். மேலாளரும் தொழிலாளரும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். 1980களின் பிற்பகுதியில் விற்பனை குறைந்தபோதும் ஆட்குறைப்புச் செய்யாது, பயிற்சியளித்து வைத்துக்கொண்டனர். கயிற்றை இழுக்கும் துணிவு அதனாலேயே வந்தது என்பது என் கருத்து. சில ஆண்டுகளிலேயே அக்கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைக்கு ஏறத்தாழ நிகராயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேறு ஆலைகளிலும் இம்முறையைப் புகுத்த முயன்றது. வரிசையை நிறுத்துவதை மேலாளர்கள் வெறுத்த இடத்தில் கயிறு வெறும் கயிறாகவே தொங்கிற்று. (ஃபிரிமாண்ட் கூட்டாலையும் 2010இல் மூடப்பட்டது. முந்திய ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியிருந்தது.)

முதலாளிமார்களே, நம் கடைகளில் என்ன நடக்கின்றது? கல்லாவில் குறைந்த தொகையைப் பையனின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கின்றோம். அதே மூச்சில், "உள்ளதை மறைக்காமல் சொல்" என்கின்றோம். அவன் எதை நம்புவான்? ஊழியர்களுக்கும் ஒரு சொல்: பக்கத்து மேசைக்காரரின் தவறை அவரிடம் சொல்லாது, முதலாளியின் காதில் போடுவதும் இந்நோயின் மறுபக்கமே.

மறுநாள் காலை அதே நால்வர் முன்னிலையில் அப்பையனிடம் வருத்தம் தெரிவித்தேன். எளிதாக இல்லை. அப்போதும் உடனே எவரும் நம்பிவிடவில்லை. ஆறேழு மாதங்கள் சென்ற பின்னரே ஒருவர் தாமாக வந்து ஒரு குறையைச் சொன்னார். அது நான் எழுதிக் கொடுத்த அளவிலேயே இருந்த பிழை.