உறங்கும் கணினி
(இளைஞர் மன்றத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





“கணினியை நிறுத்திவிட்டேன்” என்று நாள்தோறும் கூறுகின்றோம். உண்மையிலே நிறுத்திவிட்டோமா? இதற்கு விடை காண்பதே எனது பேச்சின் நோக்கம். இது பொறியியல் மாணவர்க்கு மாத்திரம் உரிய விடயமன்று. மாணவனது கட்டுரையும், வணிகரது கணக்கும், மன்றத்தின் அறிக்கையும் கணினியிலே தங்கியிருக்கும் இக்காலத்தில், அது எப்போது விழித்திருக்கிறது, எப்போது உறங்குகிறது, எப்போது முற்றாக ஓய்கிறது என்பதை யாவரும் அறிதல் வேண்டும்.

பழைய மேசைக் கணினிகளில் ஆளியைத் தட்டினால் மின்சாரமே துண்டிக்கப்பட்டது. விளக்கை அணைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இருக்கவில்லை. 1995 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அமைப்பு இதனை மாற்றியது. அதன்படி, பெட்டியின் முகப்பிலுள்ள பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. தாய்ப்பலகைக்கு ஒரு செய்தி மாத்திரமே சொல்கிறது. மின்வழங்கியை எழுப்புவதும் அடக்குவதும் தாய்ப்பலகையின் வேலையாயிற்று. அச்செய்தியைக் கேட்க அங்கே ஏதாவது ஒரு பகுதி விழித்திருக்க வேண்டுமன்றோ? அதற்காகவே ஊதா நிறக் கம்பியொன்றின் வழியாக 5 வோல்ற்று மின்சாரம் எந்நேரமும் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. வீட்டார் உறங்க, வாயிற்காவலன் விழித்திருப்பதை ஒக்கும் இது. சுவரிலுள்ள ஆளியை அணைத்தாலன்றி அக்காவலன் ஓய்வதில்லை.

இனி, உறக்கத்தின் படிகளைப் பார்ப்போம். 1992 இல் இன்ரெலும் மைக்ரோசொப்ற்றும் வெளியிட்ட ஏ.பி.எம். என்னும் முறையில், தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயோஸ் என்னும் நிரலே பெரும்பாலும் உறக்கத்தை நிருவகித்தது. பயனாளர் என்ன செய்கிறார் என்பதை அது நன்கு அறியாது. படித்துக்கொண்டிருப்பவரைப் பாராமலே விளக்கை அணைக்கும் வேலையாளைப் போன்றது அது. 1996 டிசெம்பரில் இன்ரெல், மைக்ரோசொப்ற், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய நியமத்தை வெளியிட்டன. முடிவெடுக்கும் பொறுப்பு இயக்குதளத்திடம் சென்றது. உறக்கமும் எஸ் 0 முதல் எஸ் 5 வரை படிகளாக வகுக்கப்பட்டது.

எஸ் 0 என்பது விழிப்பு. எஸ் 1, எஸ் 2 என்பன இலேசான உறக்கங்கள். இன்று அருகியே வழங்குவன. எஞ்சிய மூன்றுமே நமக்கு முக்கியமானவை.

எஸ் 3 என்பதையே “ஸ்லீப்” என்கிறோம். இந்நிலையில் செயலியும் விசிறிகளும் வன்தட்டும் ஓய்ந்துவிடும். நாம் திறந்துவைத்த வேலை யாவும் றாம் என்னும் நினைவகத்திலேயே இருக்கும். அந்நினைவகத்தின் இயல்பை இங்கே சொல்லவேண்டும். அதன் ஒவ்வோர் அறையும் மிகச் சிறிய ஒரு கொள்ளளவி; அதிலுள்ள மின்னேற்றம் ஒழுகும் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலால் அதனைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். டி.டி.ஆர். 4 நினைவகத்தில், வழக்கமான வெப்பநிலையில், 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 16 தடவை! உறக்கத்தின்போது நினைவகம் தன்னைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தை முன்னர் கூறிய காவலனே கொடுக்கிறான். எழுப்பியதும் சில விநாடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இடையிலே மின்சாரம் தடைப்பட்டால், சேமிக்காத வேலை யாவும் போய்விடும்.

எஸ் 4 என்பது நெடுந்துயில். நினைவகத்தில் உள்ளவற்றை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினி ஓய்கிறது. எழுவதற்குச் சற்று நேரம் செல்லும். ஆயினும் செருகியைக் கழற்றினாலும் வேலைக்குச் சேதமில்லை. எஸ் 5 என்பதே நாம் “நிறுத்திவிட்டேன்” என்று கூறும் நிலை. அப்போதும் காவலன் விழித்தே இருக்கிறான் என்பதை மறக்கலாகாது.

இந்த வேறுபாடு நமது நாட்டிலே வெறும் ஏட்டறிவன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் மின்மாற்றியைத் தொட்ட குரங்கொன்றே காரணம் என அமைச்சர் கூறினார். மின்வெட்டுக்கு நேர அட்டவணை உண்டு. குரங்குக்கு அட்டவணை ஏது? அந்த நேரத்தில் எஸ் 3 இல் உறங்கிய கணினியும் எஸ் 4 இல் உறங்கிய கணினியும் ஒரே விதியை அடைந்திருக்க மாட்டா.

இவ்விடர்க்கு மருந்தும் உண்டு. 2007 இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவில் கலப்புறக்கம் என்னும் வசதி சேர்ந்தது. அதில் வேலையானது வன்தட்டிலும் எழுதப்படும், நினைவகத்திலும் நிற்கும். மின்சாரம் இருந்தால் விரைவாக எழலாம். போய்விட்டால் வன்தட்டிலிருந்து மீட்கலாம்.

சிக்கனத்தையும் சிறிது நோக்குவோம். 60 வாற்று நுகரும் கணினியொன்றை இரவில் 10 மணிநேரம் வீணே விழித்திருக்கவிட்டால் 0.6 அலகு செலவாகும். 3 வாற்று நுகரும் உறக்கத்தில் விட்டால் 0.03 அலகே. இருபதில் ஒரு பங்கு! நிறுத்திய நிலையிலும் கசியும் மின்சாரத்தை அடக்க, ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் 1 வாற்று என்றும், 2013 இல் அரை வாற்று என்றும் எல்லை வகுத்தது. பல தாய்ப்பலகைகளின் பயோசில் “ஈ.ஆர்.பி.” என்று காணப்படும் தெரிவு இதன்பொருட்டு வந்ததே. அதனை இயக்கினால், விசைப்பலகையாலோ வலையமைப்பாலோ கணினியை எழுப்பும் வசதி பெரும்பாலும் இல்லாமற் போகும்.

முடிவாக மூன்று சொற்கள். எழுந்து செல்லுமுன் வேலையைச் சேமியுங்கள். சிறுபொழுதுக்கு உறக்கமும், இரவுக்கு நெடுந்துயிலோ நிறுத்தமோ கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து நினைவகத்தைக் கழற்றவோ பூட்டவோ வேண்டின், முதலில் செருகியைக் கழற்றுங்கள். நிறுத்திய கணினியிலும் மின்சாரம் உலவுகிறது. இதனை அறியாது கைவைத்தால் பலகை பழுதாகலாம்.

கருவியை ஆள்பவர் அதன் இயல்பை அறிந்தவராக இருத்தல் வேண்டும்.