கடைசி இருநூறு மீட்டர்



ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்க ஊர்க் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில் என் அக்கா மகள் ஆன்லைன் வகுப்புக்காகத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் உட்கார்ந்திருந்தாள். "மாமா, நீங்க இந்த வேலைதானே பாக்குறீங்க?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

2001-இல் மேலூர்ப் பக்கம் கிராமங்களுக்கு இணையம் போனது சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா முறையில். வேகம் நொடிக்கு 35, மிஞ்சினால் 70 கிலோபிட். அன்றைக்கு அதுவே பெரிசு. செம்புக் கம்பியில் வரும் டி.எஸ்.எல்., எக்ஸ்சேஞ்சிலிருந்து 5 கிலோமீட்டர் தாண்டினால் தேய்ந்துவிடும். கண்ணாடி இழை அப்படியில்லை. ஜிபான் முறையில் 20 கிலோமீட்டர் வரை நடுவில் மின்சாரமே வேண்டாம்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் இழை வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் போனால் அதுவும் போகும். பேட்டரி செத்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் குழாய்ப் பள்ளம் தோண்டிய ஜே.சி.பி. இழையை அறுத்தது. ஒட்டுப்போட ஆள் வரப் பதினேழு நாள்! அங்கிருந்து அக்கா வீடு 200 மீட்டர்தான். அந்த 200 மீட்டர் யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் இல்லை. (நம்ம சிலபஸிலும் இல்லை, சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

கடைசியில் கைகொடுத்தவர் கேபிள் டி.வி. அண்ணன். கம்பம், ஏணி, வீட்டுக்கு வீடு பழக்கம் எல்லாம் அவரிடம் இருந்தது. முறைப்படி பதிவு செய்துகொண்டார். ஸ்ப்ளைசிங் நான் கற்றுக்கொடுத்தேன். இப்போது முப்பத்தொரு வீட்டில் இணைப்பு. மாதப் பணம் வசூலாவது தனிக்கதை.

இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் ப்ராஜெக்ட் தேடினால் அந்தப் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சரியாகவில்லை. மதியப் பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள், விவரம் தருகிறேன்.