பெற்றோர் ஆளும் பள்ளி
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



ஒடுக்கப்பட்ட மக்களாகிய நமக்குப் பள்ளிக் கதவு எளிதில் திறக்கவில்லை. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை அமைத்தார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். இப்பெரியோர்களின் தொண்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும், நமக்காக ஒருவர் பள்ளி நடத்துவது ஒரு நிலை. நாமே கூடி நம் பள்ளியை ஆள்வது அதற்கு மேற்பட்ட நிலை. வெள்ளி விழாக் காணும் நம் கழகம் அந்த இரண்டாம் நிலையைக் குறித்து எண்ணுதல் வேண்டும்.

அவ்வாறு பெற்றோர் பள்ளியை ஆளும் முறை நெடுங்காலமாக வேரூன்றிய நாடு டென்மார்க்கு. அங்குத் தன்னுரிமைப் பள்ளி இயக்கத்திற்கு முன்னோடியாக நின்ற கிறிஸ்டன் கோல்டு என்பவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். மனப்பாடக் கல்வியை வெறுத்த அவர், கதை சொல்லிக் கற்பிக்கும் பள்ளியை 1850களின் தொடக்கத்தில் பியூன் தீவில் நடத்தினார். உழவர் குடும்பங்கள் அவரைச் சூழ்ந்து நின்றன. பொதுப்பள்ளிக்கு அனுப்பாமல் தம் விருப்பப்படி பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் உரிமையைப் பெற்றோர்க்கு 1855ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. அந்நாட்டின் 1953ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அவ்வுரிமை இடம்பெற்றுள்ளது.

அப்பள்ளிகள் தனியார் எவருக்கும் சொத்தல்ல. பள்ளிப் பணம் பள்ளிக்கே செலவிடப்பட வேண்டும். ஆதாயம் பங்கிட்டுக் கொள்ள வழியில்லை. பொதுப்பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினை அரசு மானியமாக வழங்குகிறது. எஞ்சியதைப் பெற்றோர் கட்டணமாகச் செலுத்துகின்றனர். ஏழைக் குடும்பங்களின் கட்டணத்தைக் குறைப்பதற்கும் அரசு தனியே உதவுகிறது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுகிறது, கணக்கு வைக்கப்படுகிறது, ஆட்சிக்குழு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பிள்ளைகள் பெறும் கல்வி பொதுப்பள்ளியின் தரத்திற்கு நிகரானதா என ஆராய, வெளியார் ஒருவரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. தாம் ஆளும் பள்ளியைப் பிறர் ஆராயப் பெற்றோரே ஒப்புவது நாம் கருதத்தக்கது.

இனி, ஆட்சிக்குழுவின் வேலை யாது, தலைமையாசிரியரின் வேலை யாது என்பதைத் தெளிதல் வேண்டும். வரவு செலவுத் திட்டம், கட்டணம், தலைமையாசிரியர் நியமனம், பள்ளியின் நெறி ஆகியவை ஆட்சிக்குழுவைச் சார்ந்தவை. வகுப்பில் எப்பாடத்தை எவ்வாறு நடத்துவது, எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்பன தலைமையாசிரியரைச் சார்ந்தவை. ஆட்சிக்குழுவின் அதிகாரம் கூட்டத்தில் எடுக்கும் தீர்மானத்தில் மட்டுமே உள்ளது. கூட்டம் முடிந்து வெளியே வந்த உறுப்பினர், மற்றவரைப் போல் ஒரு பெற்றோர், அவ்வளவே. அவர் வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரை அதட்டுதல் ஆகாது. தம் பிள்ளைக்காகப் பேசுவதற்கு அவர் அங்கு அமரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்காகவும், இனி வந்து சேரவிருக்கும் பிள்ளைகளுக்காகவும் அமர்ந்திருக்கிறார்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்ட வழி உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு பெற்ற சங்கத்தின் நிருவாகக் குழுவினரது பதவிக்காலம் மூன்றாண்டிற்கு மேற்படலாகாது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப் பணிக்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்; பாதிப் பேர் பெண்கள்; நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பெற்றோர்க்கு அவர்தம் அளவிற்கேற்ற இடம் தரப்பட வேண்டும். அரசுப் பள்ளியிலேயே பெற்றோர்க்கு இவ்விடம் உண்டெனில், நம் உழைப்பால் எழுந்த பள்ளியில் அது குறைவாக இருத்தல் தகுமா?

ஆயினும் சட்டத்தில் இடம் இருப்பதனால் மட்டும் ஏழைப் பெற்றோர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிடுவதில்லை. தேர்தல் முறைதான் அதனை முடிவு செய்கிறது. ஆகவே சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பத்தாயிரம் நன்கொடை தந்தவருக்கும் பத்து ரூபாய் தந்தவருக்கும் வாக்கு ஒன்றே. கட்டணம் பாக்கி என்பதைக் காட்டி எவர் பெயரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கலாகாது. நீக்கினால், பள்ளி யாருக்காக எழுந்ததோ அவர்களே வெளியே நிற்பர்.

இரண்டாவது, வாக்கு மறைவாக இருத்தல் வேண்டும். கூலி கொடுப்பவரும் கடன் கொடுத்தவரும் பார்த்திருக்கக் கை உயர்த்தச் சொல்வது தேர்தலாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சின்னம் அச்சிட்ட சீட்டு வழங்கலாம்.

மூன்றாவது, கூட்டம் வேலை நேரத்தில் கூடலாகாது. அறிவிப்பு எழுத்தில் சில வாரங்களுக்கு முன்பே வீடு சேர வேண்டும். கணக்கு எளிய தமிழில் எழுதப்பட்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

நான்காவது, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகி, அவ்விடங்களுக்குத் தேர்தல் நடத்துவது நன்று. பழகியவரும் புதியவரும் ஒருங்கே இருப்பர். பள்ளி ஒரே நாளில் ஒரு கூட்டத்தார் கைக்குப் போகாது. உறுப்பினரின் உறவினருக்கு வேலையோ ஒப்பந்தமோ தரும் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே செல்லுதல் முறை.

பள்ளியை நிறுவியவர்தம் பெருமையை இவை குறைக்குமோ என்று ஐயுறுவோரும் உளர். குறைக்கா. நிறுவியவர்க்குப் பின் அவர்தம் குடும்பத்தின் உடைமையாகச் சுருங்கிப்போன பள்ளிகளை நாம் கண்டிருக்கிறோம். நிறுவியவர் நட்ட மரம் ஊர்ப் பொதுவாவதே அவருக்குப் பெருமை.

அடுத்த பொதுக்குழுவில் கழகத்தின் விதிகளைத் திருத்தும் தீர்மானம் வைக்கப்படுமாயின், தாய்மார்களே, நீங்கள் திரளாக வருதல் வேண்டும். கணக்கைக் கேளுங்கள், வேட்பாளராக நில்லுங்கள்.