நோட்டில் ஏறாத பெயர்கள்



வெளிநாட்டு உதவி, வருமான மறுபங்கீடு, இவற்றுக்குப் பயன்பாட்டுவாதிகள் சொல்லும் நியாயம். இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் நாம் பேசப்போவது இதைத்தான். பல்கலைக்கழகத்தின் ஏசி அறையில் வைக்காமல் மதுரைச் செல்லூரில் வைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. நான் இந்த ஊர்க்காரன், தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று மளிகைக் கடைப் பற்று நோட்டு, மற்றது செய்முறை நோட்டு. முதல் நோட்டைத் திறக்கவே அப்பா தயங்குவார். இரண்டாவதை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பார். எந்த வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: செய்முறை என்பது தானமும் இல்லை, வட்டிக் கடனும் இல்லை. திரும்பி வரும் என்று கொடுப்பது. நோட்டில் பெயர் இருக்கிறவருக்குத்தான் செய்வோம்.

நோட்டில் பெயரே இல்லாதவருக்கு, ஒருநாளும் நம் வீட்டு விசேஷத்துக்கு வரப்போகாதவருக்கு, ஏன் செய்யக்கூடாது? பயன்பாட்டுவாதம் கேட்பது இதைத்தான்.

அதன் வாதம் மிகச் சிறியது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். முதல் இட்லி தரும் நிறைவை ஆறாவது இட்லி தராது. காசுக்கும் அப்படியே. விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வந்தால், பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்துக் கடையோடு நிற்காமல் டாக்டரிடம் போகலாம். மாசி வீதி மொத்த வியாபாரியின் கல்லாவில் அதே ஐந்நூறு குறைந்தால் ராத்திரி கணக்கு முடிக்கும்போதுகூட அவர் கவனிக்கமாட்டார். ஆக, அங்கிருந்து இங்கே நகர்த்தினால் ஊரின் மொத்த நலம் கூடுகிறது. நாட்டின் உற்பத்தி குறையாதவரை இது சரிதான் என்று கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பிகூ 1920-இல் வந்த தம் நலப் பொருளியல் நூலில் எழுதினார்.

1930களில் இன்னொரு பொருளியலாளர், லயனல் ராபின்ஸ், குறுக்கே வந்தார். ஒருவருடைய இன்பத்தையும் இன்னொருவருடைய இன்பத்தையும் எந்தக் கோல் வைத்து ஒப்பிடுவீர்கள், அது அறிவியலே இல்லை என்றார். 1938-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கதை வருகிறது. நடக்கும் இடம் இந்தியா. ஆளாளுக்கு ஒரே மதிப்பு என்னும், பயன்பாட்டுவாத முன்னோடி பெந்தாமின் கொள்கையை அதிகாரி ஒருவர் ஓர் உயர்சாதிப் பெரியவருக்கு விளக்குகிறார். அது எப்படிச் சரியாகும், அதோ நிற்கும் தீண்டத்தகாதவனைவிடப் பல மடங்கு இன்பம் அனுபவிக்கும் திறன் எனக்கு உண்டே என்கிறார் பெரியவர். ராபின்ஸுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அறிவியலைக் கொண்டு அதை மறுக்கத் தம்மால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். எல்லோரையும் சமமாக எண்ணுவது நாம் எடுக்கும் ஒரு முடிவு, கண்டுபிடிப்பு அல்ல என்பது அவர் கட்சி.

அது முடிவுதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் வரும் பெரியவர் வாதம் செய்யவில்லை. எதிரே நிற்கிறவனின் பெயரைத் தன் நோட்டில் ஏற்ற மறுக்கிறார், அவ்வளவுதான். அவருக்குப் பதில் சொல்லத் தமிழ்நாட்டில் கருவிகள் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே பந்தியில் உட்கார வைத்தோம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கரின் குளத்துப் பிள்ளை உவமை உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். ஆழமில்லாத குளத்தில் குழந்தை மூழ்குகிறது, இறங்கித் தூக்கினால் உடுப்பு கெடும், அவ்வளவுதான் நஷ்டம். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்து கிடந்தபோது எழுதி, 1972-இல் வெளியான கட்டுரை அது. செல்லூர்க் கண்மாயில் விழுந்த பிள்ளைக்கும் வங்காளத்து முகாமில் கிடக்கும் பிள்ளைக்கும் தூரம் தவிர வேறு என்ன வேறுபாடு என்பதே கேள்வி. இதற்கு நேர்மையான மறுப்பை நான் இதுவரை கேட்டதில்லை. சாக்குகள் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என்றாலே இந்த மண்ணில் ஒரு பழைய காயம் வலிக்கிறது. தாது வருஷப் பஞ்சம். 1877-இல் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இதே டெம்பிள் 1874-இல் பீகார், வங்காளப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கிப் பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, பணத்தை வாரி இறைத்தார் என்ற ஏச்சு. ஏச்சு வாங்கிய மனிதர் இங்கே வந்து நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், கல்லுடைக்கும் உடம்பு இதில் நிற்காது என்று அறிக்கைமேல் அறிக்கை எழுதிய பிறகே கூலி உயர்ந்தது. ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு விடுத்த வேண்டுகோளின்பேரில் லண்டன் மாநகரத் தலைவர் நிதி திரட்டி அனுப்பினார். அதே காலத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினாள் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

கணக்கு மனம் கொன்றது, கருணை மனம் காத்தது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பெந்தாமின் சீடர் ஜேம்ஸ் மில்லும் அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெம்பிளின் கணக்கில் கஜானா இருந்தது, கூலிக்காரரின் உடம்பு இல்லை. கார்னிஷும் கணக்குதான் போட்டார். அவர் அந்த உடம்பை நோட்டில் ஏற்றினார்.

நூறு ஆண்டு கழித்து, இங்கிருந்து மேலூர் தாண்டிப் போனால் வரும் கொட்டாம்பட்டியில் வேறொரு தராசு வந்து இறங்கியது. உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதலில் அந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் சத்துருண்டை. எடை ஏறினால் உருண்டை நின்றுவிடும். பொருளியல் படித்தவனுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஒரு ரூபாயும் தேவையில்லாத வாய்க்குப் போகாது.

இரண்டே ஆண்டில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தராசு கிடையாது, அட்டை கிடையாது. வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. படித்தவர்கள் பலர் வீண்செலவு என்றார்கள். அந்தப் பலரில் நானும் ஒருவன். வகுப்பறையில் எத்தனையோ ஆண்டு கொட்டாம்பட்டியைத்தான் சரியான பயன்பாட்டுவாதம் என்று பாடம் நடத்தினேன்.

இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். கொட்டாம்பட்டித் திட்டம் கெட்டுப்போகவில்லை. கடுமையான ஊட்டக் குறைவு அதனால் குறைந்தது. இரண்டாம் கட்டமும் நடந்து, 1990களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்குள் கரைந்தது. அது கரைந்தபோது ஊரில் யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. சத்துணவைத் தொட்டுப்பார்க்க எந்த ஆட்சிக்காவது துணிவு வந்ததா? ஆட்சி மாற மாற முட்டை கூடியது, பயறு கூடியது, கலவை சாதம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று வைகைக்கு அந்தப் பக்கம், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவும் தொடங்கியது. எல்லார் வீட்டுப் பிள்ளையும் சாப்பிடுகிற சோற்றை நிறுத்தினால் எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வரும். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய உருண்டைக்கு அந்தக் காவல் இல்லை. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டில் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. குறிபார்த்துக் கொடுப்பது அந்த ஆண்டுக் கணக்கில் ஜெயிக்கும். நாற்பது ஆண்டுக் கணக்கில் ஜெயிக்குமா என்று இங்கே யாராவது போட்டுக் காட்டினால் கேட்க ஆவலாக இருக்கிறேன். அதோடு, ராபின்ஸின் கதைப் பெரியவருக்கு அந்தப் பந்திதான் பதில். நிறுத்துப் பார்த்துக் கொடுத்த உருண்டையால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி மதுரையில் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. சுருக்கிக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. காசு கொடுக்கிறவரின் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அறுவை நடக்கிறது. நம் கருத்தரங்குக்குத் தேவையான செய்தி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். முதலில் அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்தது. வந்தவரைக்கும்தான் வைக்க முடிந்தது. விலைக்கு வாங்கினால் ஒன்று நூறு டாலருக்கு மேல். சேவா அறக்கட்டளை நண்பர்களின் துணையோடு லென்ஸ் செய்யும் நுட்பமே இங்கு வந்து, 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் பட்டறை தொடங்கியபின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. 2025-இல் அமெரிக்கா தன் யுஎஸ்எய்ட் நிறுவனத்தையே மூடியபோது பல நாடுகளில் மருந்து வரத்து தடுமாறியது. லென்ஸாக வந்த உதவிக்கும் லென்ஸ் பட்டறையாக வந்த உதவிக்கும் உள்ள வேறுபாடு இது போன்ற நேரத்தில்தான் தெரியும்.

வாங்கியதையே பேசுகிறோம், கொடுத்ததும் உண்டு. 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்கு உதவி அனுப்ப ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய். முதலில் பேச்சு ஈழத் தமிழர்களுக்கு அனுப்புவது பற்றித்தான் இருந்தது. தமிழர் சிங்களர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்களே. 1983 கலவரத்துக்கும் 2009 போர் முடிவுக்கும் பிறகு அப்படிக் கேட்க முடிந்த மக்கள் அவர்கள். சிங்கரின் கட்டுரையைவிட இதை நான் மாணவர்களுக்கு அதிகம் சொல்கிறேன்.

இனி நமக்கு உறைக்கிற இடம். பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்குள் வரியைப் பங்கிட்டபோது 45 சதவீத எடையை வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் என்று பொருள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 சதவீதம் நாம். மாசி வீதிக் கல்லாவிலிருந்து தறிக்காரர் வீட்டுக்கு நகரும் ஐந்நூறு ரூபாய்க்குக் கைதட்டிய நாம், இங்கே மாசி வீதி வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். செஸ், கூடுதல் வரி என்று வசூலித்துப் பங்கீட்டுக்கே வராமல் மத்திய அரசு வைத்துக்கொள்ளும் பணத்தைப் பற்றி நாம் எழுப்பும் புகார் நியாயமானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பீகாரின் பிள்ளைக்கு ஏன் போகிறது என்று கேட்கும்போது நம் குரலில் கேட்பது எது? நியாயமா, அல்லது செய்முறை நோட்டா? திரும்பி வராத இடத்துக்கு எதற்குச் செய்வது என்று எங்கள் அத்தைகள் முணுமுணுக்கும் அதே தொனி எனக்குக் கேட்கிறது. பல மேடைகளில் என் குரலிலும் கேட்டிருக்கிறது.

இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் மதிய அமர்வில் இருக்கின்றன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். சாப்பாட்டுப் பந்தியிலேயே அந்தச் சண்டையை முடித்துவிடாமல் கொஞ்சம் மீதி வைத்து வாருங்கள். கட்டுரை படிப்பவர்களுக்கு ஆளுக்கு இருபது நிமிடம்; இந்தத் தெருக்களிலிருந்தே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கேள்வி கேட்டால் அதற்கு நேரக் கணக்கு இல்லை. முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.