கண்டதும் படித்ததும்

ஒரே கதையில் மனத்தைப் பறிகொடுத்த இருவர் சந்தித்தால், அவர்களிடையே முதலில் எழுவது பாராட்டு அன்று, வழக்கு. "அவன் அப்படிச் செய்திருக்கவே மாட்டான்" என்பார் ஒருவர். "நீங்கள் அவனைச் சரியாக அறியவில்லை" என்பார் மற்றவர். உலகில் என்றுமே வாழாத ஒருவனைக் குறித்து இத்துணை உறுதியோடு வாதாடுவது வீண் வேலை என்று அயலார் நகைக்கக்கூடும். அது வீண் வேலை அன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'டார்க் ஷாடோஸ்' என்ற தொடர் தொடங்கியது. டான் கர்ட்டிஸ் என்பவரின் படைப்பு அது. மேய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்வுட் என்னும் பழைய மாளிகை. அங்கே ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக, தாய் தந்தையரை அறியாத விக்டோரியா வின்டர்ஸ் என்ற பெண் ரயிலேறி வருகிறாள். முதலில் இது ஒரு குடும்ப மர்மக் கதையாகவே நடந்தது. பின்னர் ஆவிகள் மெல்லத் தலைகாட்டின. 1967 ஏப்ரலில் பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரி வந்து சேர்ந்தான். சில காலத்துக்கென்று கொண்டுவரப்பட்ட பாத்திரம் அது. ஆனால் ஜோனதன் ஃப்ரிட் என்ற நடிகர் அவனுக்கு அளித்த துயரச் சாயல் பார்ப்போர் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடியது அவனைக் காண்பதற்கே. 1971 ஏப்ரலில் தொடர் முடிந்தபோது 1,225 பகுதிகள் ஒளிபரப்பாகியிருந்தன.

இத்தொடரைத் தழுவி மேரிலின் ராஸ் என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் மலிவுப் பதிப்புகளாக வெளிவந்தன. முதலாவது 1966லேயே வந்தது. தொடர் முடிந்த பிறகும் 1972 வரை அவை தொடர்ந்தன. மேரிலின் என்பது உண்மையில் ஆசிரியரின் மனைவி பெயர். எழுதியவர் கனடாவைச் சேர்ந்த டான் ராஸ். பற்பல புனைபெயர்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தவர்.

அந்நாவல்களைத் தொடரோடு ஒப்பிட்ட ரசிகர்கள் திகைத்தனர். முதல் ஐந்து நாவல்களில் பார்னபஸே இல்லை. தொலைக்காட்சியில் அவன் புகழின் உச்சியில் இருந்த 1968ஆம் ஆண்டில், ஆறாவது நாவலில்தான் வருகிறான். வந்தவனும் வேறொருவனாக இருந்தான். தொடரில் அவன் தொடக்கத்தில் கொடியவன். மேகி எவன்ஸ் என்ற உணவுவிடுதிப் பணிப்பெண்ணைக் கடத்திச் சென்று, இறந்துபோன தன் காதலியாகவே அவளை மாற்ற முயன்றவன். ராஸ் காட்டும் பார்னபஸ் பெரும்பாலும் கண்ணியமும் தனிமையும் உடைய கனவான். ஊரில் எது நடந்தாலும் ஐயம் அவன்மேல் விழும். குற்றவாளியோ வேறொருவனாக இருப்பான்.

இங்கேதான் வழக்கு பிறந்தது. "இது எங்கள் பார்னபஸ் அன்று" என்றனர் ஒரு சாரார். "இது வேறொரு காலின்வுட், இதற்குத் தனி நியாயம் உண்டு" என்றனர் மற்றொரு சாரார். இருவர் கட்சியிலும் உண்மை இருக்கிறது. ஆயினும், இருவரும் எளிதில் மறக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி இல்லை. பிற்பகலில் அரைமணி நேரம் ஓடிய காட்சி அன்றே மறைந்துவிடும். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அன்றைய பகுதி போனது போனதுதான். அவனால் கையில் எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள முடிந்தது, ஃப்ரிட்டின் படம் அட்டையில் பொலிந்த அந்த மலிவு நாவல் ஒன்றையே. சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து, தபாலில் வரும் வார இதழ் ஒன்று தவறினால் தொடர்கதையின் ஓர் அத்தியாயத்தையே இழந்து தவித்த நேயர்களுக்கு, அந்தப் பிள்ளையின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் காலம் மாறிற்று. தொடர் ஒளிநாடாக்களாகவும் வட்டுகளாகவும் கடைக்கு வந்தது. நினைவுக்குத் துணையாக இருந்த நாவல், இப்போது சான்றோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படும் சாட்சியாகிக் கூண்டில் நின்றது. பிழைகள் எண்ணப்பட்டன. அவை பிழைகளே, நான் மறுக்கவில்லை. விரைந்து எழுதும் கைக்கு ஒரே சூழ்ச்சி மீண்டும் மீண்டும் வந்து வாய்ப்பதும் இயல்பே. புதிதாக வந்த பெண், இரவில் ஓர் உருவம், பார்னபஸ்மீது பழி என்ற அச்சில் பல நாவல்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் தழுவல் நாவலை எந்த அளவுகோலால் அளப்பது? நிகழ்ச்சி ஒத்திருக்கிறதா என்பது முதற்கேள்வியாகலாம். முடிவான கேள்வி ஆகாது. பாத்திரத்தின் இயல்பை ஆசிரியர் உணர்ந்திருக்கிறாரா என்பதே முடிவான கேள்வி. இதற்கும் இத்தொடரிலேயே சான்று உண்டு. பார்னபஸைச் சபித்துக் காட்டேரியாக்கிய சூனியக்காரி ஆஞ்சலிக். அவ்வேடத்தில் நடித்த லாரா பார்க்கர், 1998ஆம் ஆண்டில், அவள் வரலாற்றையே ஒரு நாவலாக எழுதினார். மார்ட்டினிக் தீவில் கழிந்த அவளது இளமையைத் தொடர் விரிவாகக் காட்டியதில்லை. பார்க்கர் அதைக் கற்பனையால் நிரப்பினார். வில்லியாக நாம் வெறுத்தவளின் நெஞ்சுக்குள் நின்று பேசும் நூல் அது. தொடரில் இல்லாதது என்பதனால் அது பொய்யாகிவிடுமா? அவ்வுருவத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் சொல் என்பதனால் அதற்கு ஒரு மெய்ம்மை உண்டு என்பதே என் எண்ணம்.

ராஸின் பார்னபஸையும் இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். நிகழ்ச்சிகளில் அவர் வழி தவறினார். ஆனால், மனிதரோடு வாழ விரும்பியும் வாழ முடியாத ஒருவனின் தனிமையை அவர் தவறவிடவில்லை. ரசிகர்கள் தொலைக்காட்சியில் கண்டு உருகியதும் அதுவே அன்றோ? அண்மைக் காலத்தில் இந்நாவல்கள் ஒலிநூல்களாக வெளிவந்தபோது அவற்றை வாசித்தவர், தொடரில் மேகியாக நடித்த கேத்ரின் லீ ஸ்காட். திரையில் பார்னபஸால் துன்புற்றவளின் குரலே ஏட்டிலுள்ள பார்னபஸின் கதையைச் சொல்கிறது. பிரிந்திருந்த இரு கிளைகளும் ஒரு குரலில் வந்து சேர்ந்தன.

ஆதலால், நண்பரோடு ஒரு கதையைப் பற்றி வழக்காடும்போது அஞ்ச வேண்டாம், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். ஆனால் "இது மூலத்தில் இல்லை" என்று கூறி ஏட்டை மூடிவிடாதீர்கள். "இது அவனுக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். முதற்கூற்றோடு பேச்சு முடிந்துவிடும். இக்கேள்விக்கு விடை காண, இருவரும் மூலத்தையும் தழுவலையும் இன்னொரு முறை படித்தாக வேண்டும்.