கேள்விக்கும் ஊர் உண்டு



மனித மனத்தைப் பற்றிய அறிவு எங்கே உண்டாகிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். உஸ்பெகிஸ்தானின் தேநீர்க் கடைகளிலிருந்து தொடங்குகிறேன்.

1931, 1932 ஆகிய ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா தம் குழுவோடு அந்நாட்டின் சிற்றூர்களுக்குப் போனார். பயணத்துக்குத் திட்டம் வகுத்ததில் அவருடைய தோழர் வைகாட்ஸ்கிக்குப் பெரும்பங்கு உண்டு. பள்ளிக்கூடமும் கூட்டுப்பண்ணையும் அப்போதுதான் அங்கே நுழைந்துகொண்டிருந்தன. வாழ்க்கை மாறும்போது சிந்திக்கும் முறையும் மாறுகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நெடுநேரம் ஊர்க்கதை பேசி, நடுநடுவே கேள்விகளைப் போட்டார்கள். பனி மூடிய வடகோடியில் கரடிகளெல்லாம் வெள்ளை. நோவயா ஸெம்ல்யா வடகோடியில் இருக்கிறது. அப்படியானால் அங்கே கரடி என்ன நிறம் என்பது அவற்றுள் ஒன்று.

எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி ஒருவர், தாம் பார்த்தது கறுப்புக் கரடிதான் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அறுபது எண்பது வயதுப் பெரியவர் யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நம்பலாம், பார்க்காத நான் எப்படிச் சொல்வது என்று பேச்சை முடித்துவிட்டார். பக்கத்திலிருந்த இளைஞர் குறுக்கிட்டு, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அங்கே கரடி வெள்ளை என்றுதானே ஆகிறது என்றார்.

பள்ளிப் படிப்பு வந்தால்தான் இத்தகைய அனுமானம் கைவரும் என்பது லூரியாவின் முடிவு. எனக்கு அந்த விவசாயியின் பதிலில் வேறொன்று தெரிகிறது. அறியும் வழிகளைக் காண்டல், கருதல், பிறர் சொல்லக் கேட்கும் உரை என்று நம் அளவை நூல்கள் பிரித்துப் பேசும். இவர் உரையைக் கையில் எடுத்து அதற்கு நிபந்தனை விதிக்கிறார்: சொன்னவர் யார், பார்த்துச் சொன்னாரா? முன்பின் தெரியாதவர் மாஸ்கோவிலிருந்து வந்து ஒரு செய்தியைச் சொல்லி, அதை அப்படியே உண்மையென வைத்துக்கொண்டு மேலே போ என்கிறார். அப்படி வைத்துக்கொள்வது பள்ளிக்கூடத்தில் மட்டும் பழகும் வழக்கம். லூரியா பதில்களை மதிப்பெண்ணாகச் சுருக்காமல் பேச்சோடு பேச்சாகப் பதிந்து வைத்திருந்தார். அந்த நேர்மைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதனால்தான் இத்தனை காலம் கழித்து அவருடைய முடிவை அவர் தந்த சான்றைக் கொண்டே மறுக்க முடிகிறது.

லைபீரியாவில் கெப்பல்லே மக்களிடையே உளவியலாளர் ஜோசப் கிளிக் கண்டது இன்னும் கூர்மையானது. மைக்கேல் கோலும் தோழர்களும் 1971-இல் வெளியிட்ட நூலுக்கு அடிப்படையான ஆய்வுத் தொடர் அது. உணவு, உடை, கருவி, பாத்திரம் என நான்கு வகையில் இருபது பொருள்களைப் பரப்பி, சேர்ந்தவற்றைச் சேர்த்து வையுங்கள் என்றார்கள். விவசாயிகள் ஆரஞ்சுப் பழத்தோடு கத்தியை வைத்தார்கள். நறுக்கக் கத்தி வேண்டுமே. அறிவுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்றும் சொன்னார்கள். கடைசியில், முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டபோது நான்கு குவியல்களை அப்பழுக்கில்லாமல் பிரித்து வைத்தார்கள். ஆய்வாளர் அதுவரை எதிர்பார்த்துக் காத்திருந்த ‘சரியான’ விடை அதுதான்! திறமை முதலிலிருந்தே இருந்தது. அறிவு என்றால் எது என்பதில்தான் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு.

அளவீட்டின் மீதான இத்தகைய ஐயம் துறைக்குள்ளேயே எழுந்தது. 1973-இல் உளவியலாளர் கென்னத் கெர்கன், சமூக உளவியல் பெரும்பாலும் வரலாறே என்று ஒரு கட்டுரை எழுதினார். மனிதரைப் பற்றிய கோட்பாடு அம்மனிதர் காதுக்கும் எட்டுகிறது, கேட்டவர் நடத்தையை மாற்றிக்கொள்கிறார், ஆகவே இயற்பியல் விதிபோல நிலையான விதி இங்கே கிடைக்காது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே பேரி ஷ்லெங்கர் மறுப்பு எழுதினார். பின்னாளில் கெர்கன் சமூகக் கட்டுமானவாதத்தை உளவியலில் நிலைநாட்டினார். உள்ளம், உணர்ச்சி, நோய் என நாம் பெயரிட்டு வைத்திருப்பவை மனிதர் தமக்குள் பேசிப் பழகி உருவாக்கிய வகைப்பாடுகள் என்கிறது அது.

அப்படியானால் எதுவும் உண்மையில்லையா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். மனச்சோர்வில் தூக்கமிழந்து கிடப்பவரிடம் போய், உன் நோய் ஒரு பேச்சு வழக்கம் என்று சொல்வது கொடுமை. எல்லாம் கட்டுமானம் என்று சொல்லி அளவீட்டையே தள்ளிவிடும் போக்கு எனக்கு ஏற்புடையதன்று. காரணம் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர்.

தன்பாலீர்ப்பை மனநோய் என்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லிவந்த காலம். லாஸ் ஏஞ்சல்ஸில் பாடம் நடத்திவந்த ஹூக்கரிடம் அவருடைய மாணவர் ஒருவர், எங்களைப் போன்றவர்களையும் ஆராயுங்கள் என்று வற்புறுத்தினார். அதுவரை ஆய்வாளர்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்கள். நோயாளிகளிடையே தேடினால் நோய்தானே கிடைக்கும்? ஹூக்கர் சிகிச்சையை நாடாத தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் சேர்த்தார். ரோர்ஷாக் மைக்கறைச் சோதனை உள்ளிட்ட சோதனைகளை நடத்தி, அடையாளம் நீக்கிய பதிவுகளைத் துறையின் முன்னணி வல்லுநர்களிடம் கொடுத்தார். யார் எந்தக் குழு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடிவுகள் 1957-இல் அச்சேறின. யாரை எங்கே தேடினோம் என்ற கேள்வி கட்டுமானவாதிகள் பின்னர் எழுப்பிய கேள்வி. பெயர் மறைத்து மதிப்பிடவைத்தது ஆய்வுக்கூடம் கற்றுத்தந்த முறை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் தன்பாலீர்ப்பு நோய் என்ற அந்தச் சுவர் அசைந்திருக்காது.

1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஆட்சிக்குழு தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்த்தவர்கள் கேட்டதால் 1974-இல் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். கை தூக்கி நோயை ஒழிப்பது அறிவியலா என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அதே மூச்சில், 1952-இல் வெளியான அச்சங்கத்தின் முதல் நோயறிதல் கையேட்டில் தன்பாலீர்ப்பை நோயென்று எழுதியவர்கள் எவரை, எங்கே, எப்படி அளந்து எழுதினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.