விதையும் வஞ்சனையும்

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குக் குற்றமாகும் அதிசாரங்கள் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் காட்டுகிறது. அளவையில் வஞ்சித்தலும், நல்ல பொருள்போல் போலியை விற்றலும் அவற்றுள் அடங்கும். தராசைச் சாய்ப்பவனையும் கள்வனோடு சேர்த்தே எண்ணினர் நம் முன்னோர். இத்தகைய செயல்களையே இன்றைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

நம்மவருள் உழவர் பலர். கடையில் வாங்கிய துணியில் குறையிருப்பின் மாற்றிக் கொள்ளலாம். முளைக்காத விதையோ ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். வஞ்சனையாயினும் கவனக்குறைவாயினும் உழவனுக்கு இழப்பு ஒன்றே.

ஆந்திரத்து உழவர் சிலர், தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை உரிய பலன் தராமையால் நுகர்வோர் மன்றத்தை நாடினர். விதைக்கெனத் தனிச் சட்டம் உண்டு, உழவர் நுகர்வோர் ஆகார் என்று கழகம் வாதிட்டது. 2012 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்டவரிடம் சோதனைக்கு மாதிரி எங்கே என்று கேட்பது பொருந்தாது என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

இப்போது நடைமுறையில் உள்ளது 2019 ஆம் ஆண்டின் சட்டம். முறையீட்டுக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் இல்லை. வழிகாட்டுதல் வேண்டுவோர் 1915 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

உரிமை இருந்தும் சான்று இல்லாமையால் தோற்பவர் உண்டு. ஆகவே விதை வாங்கும்போது இரசீதைக் கேட்டுப் பெறுங்கள். குவியல் எண் உள்ள அட்டையையும் பையையும் அறுவடை முடியும்வரை காத்து வையுங்கள். இயன்றால் ஒரு பிடி விதையையும் எடுத்து வையுங்கள். முளைப்புக் குறைந்தால், வயலை மீண்டும் உழுமுன் வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டி, அறிக்கை பெறுங்கள்.

நம்முள் கடை நடத்துவோரும் உளர். இரசீது தராமையும் இச்சட்டத்தின்படி நேர்மையற்ற நடைமுறையே. கேட்கத் தெரியாத எளியவருக்கும் நாமே எழுதிக் கொடுப்போம்.

விற்கும்போது விரதத்தை நினைப்போம். வாங்கும்போது இரசீதைக் கேட்போம்.